பதினான்கு கண்ணாடிகளும் ஒரு 'நொ'வும்

'எனக்குத் தெரியாது' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லப் பழகுவதற்கு எனக்கு நாற்பத்தொரு வருடங்கள் பிடித்தன. அதற்கு முந்திய காலத்தில் யாராவது வழி கேட்டால், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவேன். (அந்தத் திசையில் போன எவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. திரும்பி வரவே இல்லையோ என்று இப்போதுதான் தோன்றுகிறது.)

கல்முனையில் தனியார் பஸ் முதலாளிமார் எட்டுப் பேர் சேர்ந்து வைத்திருக்கும் சிறிய சங்கமொன்றில் நான் செயலாளர். பெயர் பெரிதே தவிர வேலை சிறிது. நேர அட்டவணை எழுதுவது, கடிதம் அடிப்பது, என்னை முந்திவிட்டான், என் ஆட்களை ஏற்றிவிட்டான் என்று சண்டை பிடித்துக்கொண்டு வரும் சாரதிகளுக்குப் பால் விடாத பிளேன்டீ வாங்கிக் கொடுப்பது. இவற்றுக்கெல்லாம் மேலே எனக்கொரு மரியாதை இருந்தது. 'நசீருக்குச் சிங்களம் தெரியும்' என்று என்னைப்பற்றி ஊரே சொல்லும்.

அது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. வாலிப வயதில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் இரண்டு வருடம் நின்றேன். வருகிற பெண்களை 'என்ன நோனா' என்று கூப்பிடுவேன். (சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாருங்கள்', 'நோனா' என்றால் 'அம்மணி'. முதல் வாரம் நானே குழம்பிப்போய், வா என்கிறோமா விசாரிக்கிறோமா என்று தெரியாமல் நின்றேன்.) நிறங்களின் பெயர் தெரியும், விலை சொல்லத் தெரியும், 'குறைக்க ஏலாது' என்பதை நான்கு விதமாகச் சொல்லத் தெரியும். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் பழகியிருந்தேன், பஸ் பலகை அளவுக்கு. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து இருபது வருடமாகப் பண்டிதராக வாழ்ந்துவிட்டேன்.

பஸ்களுக்குப் புதுச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிய நேரம் அது. மலைநாட்டு வளைவுகளில் பஸ் கவிழ்ந்த செய்திகளை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கியிருந்தார்கள். சாரதி கட்டாயம் ஆசனப்பட்டி போட வேண்டும், பஸ்ஸில் தேவையில்லாமல் பூட்டிய அலங்காரங்களைக் கழற்ற வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. ஒரு நாள் காலை என் கைபேசிக்கு அரசாங்கச் சுற்றுநிருபம் வந்து இறங்கியது. திறந்தேன். சிங்களம்.

இந்த இடத்தில் நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்கள எழுத்தைக் கண்டதும் வேறு யாராக இருந்தாலும் விரலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி, தமிழ் இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான் வந்தது. இதை வாசிக்க இந்தச் சங்கத்தில் என்னை விட்டால் யார்? நேரே போட்டோப் பிரதிக் கடைக்குப் போய், "தங்கச்சி, முதல் ரெண்டு பக்கத்த மட்டும் அடிச்சித் தாங்க" என்றேன்.

அன்று பின்னேரமே கூட்டம். எங்கள் தலைவர் ஹனீபா காக்கா நடுவில் இருந்தார். சங்கத்தில் மூத்த பஸ் அவருடையது, குரலும் அவருடையதுதான் பெரிது. முதலாளிமாரும் சாரதிகளும் சுற்றி இருந்தார்கள். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, வரி வரியாகச் சிங்களத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

முதல் வரி மேலதிக விளக்குகள். 'இவத் கள யுதுய.' அகற்ற வேண்டும். அடுத்தது பாட்டுப் பாடும் ஹோர்ன். இவத் கள யுதுய. முன்னால் பூட்டிய இரும்புக் கம்பிகள், சாரதியின் முன் தொங்கும் மாலைகள், கண்ணாடியில் ஒட்டிய படங்கள் என்று ஐந்து வரியும் ஒரே மாதிரி முடிந்தன. ஆறாவது வரியில் 'பெத்தி கண்ணாடி' என்று இருந்தது. பக்கக் கண்ணாடி. அந்தக் கடதாசி முழுவதிலும் எனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கிய சொல் அதுதான், ஏனென்றால் கண்ணாடிக்குச் சிங்களத்திலும் கண்ணாடிதான். நடுவில் இரண்டு மூன்று சொற்கள் விளங்கவில்லை. கடைசியில் 'இவத்' என்றும் 'யுதுய' என்றும் கண்டேன். ஐந்து வரி எப்படி முடிந்ததோ ஆறாவதும் அப்படித்தான் முடியும் என்று என் கண்ணே முடிவு செய்துவிட்டது.

"பக்கக் கண்ணாடிகளும் அகற்றப்பட வேண்டும்" என்றேன்.

கடைசி வரிசை வாங்குப் பலகையில் இருந்து தவராசா அண்ணன் எழும்பினார். பெரியநீலாவணை ஆள். எங்கள் சாரதிகளில் ஆகப் பழையவர். இருபத்தைந்து வருடமாக பஸ் ஓட்டுகிறார், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்று சொல்வார்கள்.

"தம்பி, கண்ணாடியக் கழட்டினா பின்னால வாறத என்னத்தால பாக்கிற?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியில் நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பேர் முன்னால் 'ஒருக்கா திரும்பப் பாக்கிறன் அண்ணன்' என்று சொல்வதா? சட்டத்துக்கு நானே ஒரு காரணத்தைச் செய்து கொடுத்தேன்.

"அண்ணன், நம்மட பசார் ரோட்ட யோசிச்சிப் பாருங்க. கண்ணாடி ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிது. நடந்து போறவன்ட தோள்ல அடிக்கிது, குடைய இழுக்குது. அதான் அரசாங்கம் யோசிச்சிருக்கு. வெளிநாட்டுல இப்ப கண்ணாடியே இல்ல, எல்லாம் கெமராதான்." (நான் பார்த்த வெளிநாடு எது என்று கேட்கிறீர்களா? கட்டுநாயக்க விமான நிலையத்து வாசல்வரை போயிருக்கிறேன், ஒருவரை வழியனுப்ப.)

"அப்ப கெமராவ அவங்க தருவாங்களா?" என்று தவராசா அண்ணன் கேட்டார்.

"அது அடுத்த சுற்றுநிருபத்துல வரும்" என்றேன். என் வாய் இப்படித்தான், என்னைக் கேட்காமலே வேலை செய்யும்.

ஹனீபா காக்கா மேசையில் தட்டினார். "நசீர் செல்றான் எண்டா சரியாத்தான் இரிக்கும். அவன் கொழும்புல இருந்தவன். நாளண்டைக்கு அம்பாறையில பரிசோதன. எல்லாத்தையும் கழட்டிப் போட்டு வாங்க."

மறுநாள் ஏழு பஸ்களில் இருந்து பதினான்கு கண்ணாடிகள் கழன்றன. நான் ஒழுங்கான செயலாளர் அல்லவா, கழற்றியதற்குச் சாட்சி இருக்க வேண்டும் என்று அவை எல்லாவற்றையும் அலுவலகத்துக்கே வாங்கி, இரண்டு உர பேக்கில் போட்டுக் கட்டி வைத்தேன். திருகாணிகளை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டினேன். எது எந்த பஸ்ஸின் கண்ணாடி என்று எழுதி வைக்கத் தோன்றவில்லை. திரும்பப் பூட்டுகிற எண்ணம் இருந்தால்தானே எழுத?

தவராசா அண்ணன் மட்டும் கழற்றவில்லை. "முதலாளிட்ட கேட்டுட்டன், அவர் ஒன்ட இஷ்டம் எண்டுட்டார். தண்டம் எழுதினா நான் கட்டுறன் தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. சட்டத்தை மதிக்காத ஒருவரால் முழுச் சங்கத்துக்கும் கெட்ட பெயர் வரப்போகிறதே என்று, "நீங்க கடைசியில வாங்க அண்ணன். பரிசோதன செய்ற ஐயா முன்னால நிக்கிற பஸ்ஸப் பாத்து நல்ல மனசோட இருக்கட்டும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பரிசோதனை நாள் காலை எட்டு பஸ்களும் முதலாளிமாரோடு வரிசையாக அம்பாறைக்குப் புறப்பட்டன. அதிகாரியோடு சிங்களத்தில் கதைக்க வேண்டிய ஆள் என்பதால் நான் முதலாவது பஸ்ஸில், ஹனீபா காக்காவின் பஸ்ஸில் ஏறினேன். சாய்ந்தமருது தாண்டுவதற்குள்ளேயே கண்ணாடியின் அருமை விளங்கத் தொடங்கிவிட்டது. சாரதி ஒவ்வொரு முறை ஒதுங்கும்போதும் "பின்னால பாருங்க, பின்னால பாருங்க" என்று கத்தினார். நான் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு பின்னால் பார்த்துச் செய்தி சொன்னேன். செயலாளராக ஏறியவன் காரைதீவுச் சந்திக்கு வரும்போது இடப்பக்கக் கண்ணாடியாகியிருந்தேன்.

வலப்பக்கத்துக்கு நடத்துநர் பொடியன் ஒரு வழி கண்டுபிடித்தான். தன் கைபேசியில் முகம் பார்க்கிற கெமராவைத் திறந்து, சாரதியின் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். அருமையாகத் தெரிந்தது. "நான் செல்லல்லயா, வெளிநாட்டுல இப்பிடித்தான்" என்று நான் பெருமையும் பட்டுக்கொண்டேன். சம்மாந்துறைக்குக் கிட்ட ஒரு அழைப்பு வந்தது. பின்னால் லொறி வருகிறதா என்று திரும்பிப் பார்த்த சாரதிக்கு, திரை நிறைய நடத்துநரின் மாமியின் படம்தான் தெரிந்தது.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

சம்மாந்துறை கழிந்து இரண்டு பக்கமும் வயலாக விரிகிற இடத்தில், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமொன்று மெதுவாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. சாரதி அதை முந்துவதற்கு வலப்பக்கம் எடுத்தார். நான் இடப்பக்கம் தொங்குகிறேன், கைபேசிக்குள் மாமி. எங்களை முந்துவதற்கு வலப்பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி வந்துகொண்டிருந்ததை ஒருவரும் காணவில்லை. ஹோர்ன் சத்தம் கேட்டது. சாரதி பிரேக்கை மிதித்தார். நான் கம்பியைப் பிடித்திராவிட்டால் வயலுக்குள் கிடந்திருப்பேன்.

மோட்டார் சைக்கிள் தாரை விட்டு இறங்கி, மறுபக்கத்து மண்ணில் தடுமாறி நின்றது. ஒரு ஆள், அவரது மனைவி, நடுவில் வெள்ளைச் சீருடையோடு ஒரு சின்னப் பிள்ளை. ஒருவருக்கும் ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த மனிதர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அப்போதும் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? 'இந்த மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஒரு சுற்றுநிருபம் வர வேணும்' என்றது.

அம்பாறையில் பரிசோதனை நடக்கும் வளவுக்குள் பஸ்கள் வரிசையில் நின்றன. பரிசோதகர் ஐம்பது கடந்த ஒரு சிங்களவர். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். முதல் பஸ்ஸைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதுக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரும்பவும் முதல் பஸ்ஸுக்கு வந்தார். பக்கக் கண்ணாடிகள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் முன்னால் போனேன். என் புடவைக் கடைச் சிங்களத்தில், "ஐயா சொன்னபடி எல்லாம் கழற்றிவிட்டோம்" என்று பணிவாகச் சொன்னேன். புன்னகையும் செய்தேன்.

"யார் சொன்னது?"

நான் சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்து, ஆறாவது வரியை விரலால் காட்டினேன். அவர் அந்தக் கடதாசியை வாங்கவில்லை.

"நீங்களே வாசிங்க" என்றார். தமிழில். அதுவும் மட்டக்களப்புத் தமிழில். பன்னிரண்டு வருடம் மட்டக்களப்பில் வேலை செய்தவராம். இவ்வளவு நேரமும் என் சிங்களத்தைக் கேட்டுக்கொண்டு எப்படிப் பொறுமையாக நின்றாரோ.

நான் எழுத்துக் கூட்டினேன். "பெத்தி கண்ணாடி... கிசிது ஹேதுவக் மத... இவத்..."

"ம், பொறகு?"

"இவத்... நொ..." என் நாக்கு அங்கே நின்றுவிட்டது. "நொ... கள யுதுய."

"நொகள யுதுய எண்டா என்ன?"

அகற்றக் கூடாது. எந்தக் காரணம் கொண்டும் அகற்றக் கூடாது.

புறக்கோட்டையில் 'கழற்றாதே' என்பதற்கு 'கலவன்ன எப்பா' என்பார்கள். வேண்டாம் என்கிற 'எப்பா' எப்போதும் கடைசியில் வரும். கடைசியில் எப்பா இல்லையென்றால் செய்யலாம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இலக்கணம். எழுத்துச் சிங்களத்தில் அந்த வேண்டாம் ஒரே ஒரு 'நொ'வாகச் சுருங்கி, சொல்லின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று புடவைக் கடையில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

"அந்த 'நொ'வ எங்க விட்டிங்க?" என்று கேட்டார் பரிசோதகர். கோபமில்லாமல்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஐயா, எங்களுக்குச் சிங்களத்துல அனுப்பினா..." என்று தொடங்கினேன். அப்போதும் குற்றத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க முடியுமா என்று பார்த்தேன்.

"உங்கட போனத் திறங்க. சுற்றுநிருபத்த எடுங்க. கீழ போங்க."

விரலைத் தள்ளினேன்.

"இன்னும் கீழ."

மூன்றாம் பக்கம். தமிழ். நல்ல, தெளிவான, பெரிய எழுத்துத் தமிழ். 'பக்கக் கண்ணாடிகள் எக்காரணம் கொண்டும் அகற்றப்படலாகாது.' ஏழு முதலாளிமாரும் ஏழு சாரதிகளும் என் தோளுக்கு மேலால் எட்டி அதை வாசித்தார்கள். ஒருவர் சத்தமாகவும் வாசித்தார்.

ஹனீபா காக்கா என் கையிலிருந்த சிங்களக் கடதாசியைப் பிடுங்கிக் கசக்கினார்.

பரிசோதகர் வரிசையின் கடைசிக்குப் போனார். அங்கே இரண்டு காதுகளோடும் ஒரு பஸ் நின்றது. "இது சரி" என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். பிறகு எங்களிடம் திரும்பினார்.

"கண்ணாடி இல்லாம ஒரு பஸ்ஸும் இந்த வளவ விட்டு வெளியில போக ஏலா. நாலு மணிக்குள்ள கொண்டாந்து பூட்டினா இண்டைக்கே பாக்கிறன். இல்லாட்டி அடுத்த கிழமதான். அதுவரைக்கும் ஓட ஏலா."

அடுத்த கிழமை வரை ஏழு பஸ் ஓடாவிட்டால் பாடசாலைப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தையல் தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் வீதியில்தான் நிற்பார்கள். கண்ணாடிகளோ கல்முனையில், என் அலுவலகத்தில், உர பேக்குக்குள். வீதியில் போக அனுமதியுள்ள பஸ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தவராசா அண்ணன் சாரதி ஆசனத்தில் ஏறி, பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏறுங்க தம்பி" என்றார்.

வெறும் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர். அவர் ஏதாவது சொல்வார், சொன்னால் வாங்கிக்கொள்வோம் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியையும் வீதியையும் பார்த்துக்கொண்டு சம்மாந்துறை வரை ஓட்டினார். அங்கே ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்தி, இரண்டு பிளேன்டீயும் பருப்பு வடையும் வாங்கி வந்தார். என் கையில் வடையைத் தந்துவிட்டுச் சொன்னார்:

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியா தம்பி. அதாலதான் நான் தப்பின."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த மோட்டார் சைக்கிள் பிள்ளையின் நினைவு வந்தது. கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன். "அண்ணன், காலையில ஒரு பிள்ள..." என்றேன். "கண்டன்" என்றார் அவர். "என்ன முந்திப் போகக்குள்ளயே கண்ணாடியில கண்டன், கண்ணாடி இருந்தா எல்லாத்தையும் காணலாம்தானே. சாப்பிடுங்க."

இரண்டு பேக்கையும் பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு அம்பாறைக்குத் திரும்பும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. பேக்கைக் கொட்டினோம். பதினான்கு கண்ணாடி, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. நீளம், குட்டை, வட்டம், கீறல் விழுந்தது. "இது என்ட", "இல்ல, அது என்ட" என்று சாரதிமார் இழுபட்டார்கள். இடப்பக்கத்தை வலப்பக்கத்தில் பூட்டி, ஒரு சாரதிக்கு வீதிக்குப் பதிலாக ஆகாயம் தெரிந்தது. இன்னொருவருக்குத் தன் முகம் மட்டும் தெரிந்தது. அவர் தலையைச் சீவிக்கொண்டார். வளவில் வேறு வேலையாக வந்திருந்தவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்று கைபேசியில் படம் பிடித்தார்கள். நான் வெயிலில் முழங்காலில் நின்று டின்னுக்குள் ஆணி தேடினேன்.

நாலு மணிக்கு ஆறு பஸ் தேறியது. ஏழாவது பஸ்ஸுக்கு இரண்டு ஆணி காணாது. அது யாருடைய பஸ் என்று சொல்லத் தேவையில்லை. ஹனீபா காக்காவின் பஸ் அந்த வளவிலேயே ஒரு கிழமை நின்றது. தலைவர் தவராசா அண்ணனின் பஸ்ஸில் டிக்கட் எடுத்து வீட்டுக்குப் போனார்.

நான் வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே படங்கள் குடும்பக் குழுவுக்கு வந்து சேர்ந்திருந்தன. என் மனைவி சகீனாவும் அவற்றைப் பார்த்துவிட்டாள். சோறு போட்டுத் தந்தாள், மீன் பொரியலில் நடுத்துண்டை வைத்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவி முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"மச்சான்" என்றாள், "நம்மட மோட்டசைக்கிள் கண்ணாடியையும் கழட்டட்டா, இல்லாட்டி அதுக்கு வேற சுற்றுநிருபம் வருமா?"

அடுத்த மாதம் பிரதேச செயலகத்தில் நடந்த சிங்கள வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர்களோடு வாங்கில் இருந்து, எட்டு மாதம் படித்து, சோதனையும் எழுதிப் பாஸ் பண்ணினேன். இப்போது உண்மையாகவே வாசிக்கத் தெரியும். யாருக்கு வேண்டும்? சங்கத்துக்கு எந்தக் கடிதம் வந்தாலும் ஹனீபா காக்கா அதை முதலில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தன் மகளிடம்தான் கொடுக்கிறார். அவள் சரி என்றால்தான் என்னிடம் வரும்.

போன மாதம் சகீனாவின் தம்பிக்கு நிக்காஹ். சாட்சிகளில் ஒருவனாக என்னைப் போட்டிருந்தார்கள். பள்ளிவாசல் நிறையச் சனம். மௌலவி ஓதி முடித்து, மாப்பிள்ளையும் பெண்ணின் வாப்பாவும் கையொப்பம் வைத்தபின் பதிவுப் புத்தகம் என் முன்னால் வந்தது. பெரிய விஷயமல்லவா, என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம் என்று குனிந்தேன். சிங்களத்திலும் தமிழிலும் இருந்தது. நான் சிங்களப் பக்கத்தில் விரலை வைத்தேன்.

பக்கத்தில் இருந்த என் மாமனார் சிரிக்கிற ஆளே அல்ல. மெதுவாக என் விரலை எடுத்துவிட்டு, பேனையைக் கையில் தந்து, முழுப் பள்ளிவாசலுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மருமகன், நீங்க வாசிக்க வேணாம். கையொப்பத்த மட்டும் வைங்க. கலியாணம் நிலைச்சி நிக்கட்டும்."